விழாத தோட்டா

படம் எடுத்தது போதும், தம்பி. கையை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். முன்னால் போனது தாய்ப்பன்றி, பின்னால் குட்டிகள் இன்னும் வரும். அவை எல்லாம் ரோட்டைத் தாண்டி முடிக்கிற வரைக்கும் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். இப்போது பன்றிக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கு இல்லை. என் தோட்டத்துக்குள் வந்து சேப்பங்கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டு, போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறது. நான் கும்பிடாததுதான் பாக்கி.

நான் ஒரு பன்றி சுட்டிருக்கிறேன். பயப்படாதீர்கள், இப்போது இல்லை. சட்டமெல்லாம் வருவதற்கு முன்னால். ஆனால் அதை நான் சுடவே இல்லை என்று சொல்கிறவன் ஒருவன் இருக்கிறான். குருவையா என்று பெயர், என் வீட்டுக்காரியின் அண்ணன். அவன் வீட்டுக்குத்தான் இப்போது போகிறேன். என் வீட்டுக்காரி அங்கே போய் உட்கார்ந்து ஒரு மாசம் ஆகிறது. அவள் என்னோடு திரும்பி வருவாளா மாட்டாளா என்பது இன்றைக்கு அந்தப் பன்றியின் கையில்தான் இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் கடைசி நிறுத்தமா? நல்லது. நான் ஈச்சங்கொம்பில் இறங்க வேண்டும். அதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

முதலில் இந்தக் குருவையாவைப் பற்றித் தெரிய வேண்டும். வாயே திறக்காத ஆள். வாய் திறக்காத ஆட்களை நம்பவே கூடாது, தம்பி. என்னைப் போலப் பேசுகிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். இவனைத் திட்டினால் சிரிப்பான். இன்னொரு தடவை திட்டினால் சாப்பிட்டாயா என்று கேட்பான். அப்படிப்பட்டவனை என்ன செய்வது? என் கல்யாணத்தில் மச்சான் முறைக்கு எனக்கு மோதிரம் போட்டான். விரலில் பாதிக்குமேல் இறங்கவில்லை. வேண்டுமென்றே சின்னதாகச் செய்து கொண்டுவந்தான். நான் அதற்கு முந்தின மாசம் உடம்பு போட்டுவிட்டதால் என்று சிட்டம்மாள் சொல்வாள். சிட்டம்மாள்தான் என் வீட்டுக்காரி. உடம்பு போட்டால் விரலுமா போடும்?

சரி, பன்றிக்கு வருகிறேன். எங்கள் மூத்த மகள் அன்னக்கொடிக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தோம். எங்கள் பக்கத்தில் காதுகுத்துக்கு முந்தின நாள் ஆண்கள் எல்லாம் சேர்ந்து காட்டுக்குள் போவோம். கிடைக்கிறதை அடித்துக்கொண்டு வந்தால் விருந்துக்கு ஆகும். நாலு பேர் சத்தம் போட்டுக் காட்டைக் கலைப்பார்கள், மீதிப் பேர் துப்பாக்கியோடு தடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். யாருடைய குண்டில் முதல் ரத்தம் வருகிறதோ அவனுக்குத் தலை. கறி எல்லாருக்கும் பங்கு, தலை மட்டும் அவனுக்கு. அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஊர் நடுவில் நடந்து வீட்டுக்குப் போவான். பெண்கள் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள். தலை என்றால் கறி இல்லை, தம்பி. தலை என்றால் தலை.

அது வரைக்கும் நான் தலை வாங்கினதே இல்லை. என்னிடம் இருந்தது நாட்டுத் துப்பாக்கி. கருமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, குச்சியால் இடித்து, சாமியைக் கும்பிட்டுவிட்டுச் சுட வேண்டும். குண்டு போகும், ஆனால் களைத்துப்போன காக்கா மாதிரி போகப்போகக் கீழே இறங்கிவிடும். அதனால் தூரத்தில் நிற்கிற பன்றியைச் சுட வேண்டும் என்றால் முதுகுக்கு மேலே ஒரு சாண் தூக்கிப் பிடிக்க வேண்டும். தூக்கிப் பிடிப்பதில் இந்த மலையில் என்னை மிஞ்சியவன் கிடையாது. என் அப்பா அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். அதில் பன்றி அடித்தேனா என்று கேட்காதீர்கள். காடை அடித்திருக்கிறேன்.

அந்த வருஷம் எஸ்டேட்காரர் பெள்ளியப்பாவும் எங்களோடு வந்தார். குடகுக்காரர். ரைபிள் வைத்திருந்தார். என்ன ரைபிள் தெரியுமா? டூ செவன்டி. அந்தத் தோட்டாவை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். என் நடுவிரல் நீளம். பித்தளை உடம்பு, பாட்டில் மாதிரி கழுத்து ஒடுங்கி, நுனியில் செம்புக் குண்டு. கூரென்றால் அப்படிக் கூர். தையல்காரன் பார்த்தால் கோட்டுத் துணி தைக்க ஊசிக்கு ஆகும் என்பான். மானுக்கும் பன்றிக்கும் என்றே செய்த தோட்டா இது, யானைக்கு இல்லை, எலிக்கும் இல்லை என்றார். எனக்கு அப்போதே பிடித்துப்போனது. யாருக்கு எது என்று தெரிந்த தோட்டா.

காலையில் ஏறும்போது அவர் வழுக்கி விழுந்து தோளில் அடி பட்டுவிட்டது. நானும் அவரும் மேட்டுப் பாறையில் ஒரே தடத்தில் உட்கார்ந்திருந்தோம். குருவையா கீழே ஓடைக்கரையில், இரட்டைக்குழல் துப்பாக்கியோடு. பெள்ளியப்பா ரைபிளை என்னிடம் நீட்டினார். தோள் வலிக்கிறது, நீயே சுடு என்றார். கொடுத்துவிட்டு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு பாடம் சொன்னார். மொக்கையா, இதைத் தூக்கிப் பிடிக்காதே. இது விழாத தோட்டா. இழுத்துக் கட்டின கயிறு மாதிரி போகும். எதிர்ச்சரிவு வரைக்கும் எங்கே அடிக்க வேண்டுமோ அங்கேயே பிடி.

நீங்களே சொல்லுங்கள், தம்பி. விழாத பொருள் என்று உலகத்தில் ஒன்று உண்டா? கல்லை எறிந்தால் விழுகிறது. பலா பழுத்தால் விழுகிறது. எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் கலசமே ஒரு காற்றில் விழுந்தது. ஒரு தோட்டா மட்டும் விழாதாம். பெரிய மனிதர் பிரியத்தில் சொல்கிறார், அவர் பொருள் அவருக்கு உசத்தி என்று நினைத்துக்கொண்டேன். எதிர்த்துப் பேசவில்லை. தலையை ஆட்டினேன்.

பன்றி வந்தது. கலைக்கிறவர்கள் போட்ட சத்தத்தில் எதிர்ச்சரிவில் புல்லுக்குள் இருந்து வெளியே வந்து, ஒரு நிமிஷம் அப்படியே நின்றது. நல்ல ஒத்தைப் பன்றி, தோளில் மயிர் சிலிர்த்துக்கொண்டு. நான் குறி பார்த்தேன். அந்தத் தோட்டாவுக்கு மரியாதை வைத்து, ஒரு சாண் தூக்க வேண்டிய இடத்தில் முக்கால் சாண்தான் தூக்கினேன். சுட்டேன்.

அடேயப்பா, அந்தச் சத்தம். மலை இரண்டாகப் பிளந்த மாதிரி. பன்றி ஒரு துள்ளு துள்ளியது. நான் பார்த்தேன், என் கண்ணால். துள்ளி, நேராகச் சரிவில் இறங்கி, ஓடைக்கரையில் குருவையாவின் காலடிக்கே போய்விட்டது. அவன் இரண்டு குழலையும் காலி பண்ணினான். உருண்டது.

பெள்ளியப்பா பைனாகுலரை இறக்கிவிட்டு ஒன்றுமே பேசாமல் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். பெரிய மனிதர்கள் வாய்விட்டுப் பாராட்ட மாட்டார்கள்.

நான் கீழே இறங்கிப் போவதற்குள் எல்லாரும் குருவையாவின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் ரத்தம் என்னுடையது என்றேன். என் குண்டு பட்டதால்தான் அது துள்ளியது. சத்தத்துக்குத் துள்ளியது என்றான் ஒருவன். சரி, உரித்துப் பார்ப்போம் என்றார்கள். உரித்தார்கள். உள்ளே இருந்தது எல்லாம் குருவையாவின் ஈய ரவை. உன் குண்டு எங்கே என்று கேட்டார்கள். உள்ளேயே உட்கார்ந்திருக்க அது என்ன விருந்துக்கா வந்தது? இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போயிருக்கும். அப்படியானால் அது போன ஓட்டையைக் காட்டு என்றார்கள். நான் தேடிப் பிடித்து ஒன்றைக் காட்டினேன். அது காது என்றார்கள்.

அப்போது குருவையா முன்னால் வந்தான். "மாப்ள, தலைய நீங்களே எடுத்துக்கங்க. வீட்டு விசேசம் உங்களுது." எல்லாரும் பார்க்க, சிரித்த முகத்தோடு. அந்தத் தந்திரம் புரிகிறதா? தருகிறேன் என்று ஒருவன் சொன்னால் அது அவனுடையது என்று ஆகிவிடுகிறது அல்லவா? எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். தலையைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் ஊர் நடுவில் நடக்கவும் இல்லை. சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். கெட்ட புத்திதானே?

அன்றைக்கு எனக்கு ஒரு துக்கம் போதாது என்று இன்னொரு துக்கமும் வந்தது. இது வேறு விஷயம், ஆனால் அதுவும் குருவையாவால் வந்ததுதான்.

காதுகுத்துக்கு அவன் தாய்மாமன் சீராக ஒரு பித்தளை அண்டா கொண்டுவந்திருந்தான். பெரியது, இரண்டு ஆள் தூக்க வேண்டும். சிட்டம்மாளுக்கு ஒரே பெருமை. அன்றைக்குக் காலையில்தான் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆக்கி, எங்கள் காப்பிக்களத்தில் வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தாள். எங்கள் வீடு எதிர்ச்சரிவுக்கு அந்தாண்டை, கொஞ்சம் மேலே. பொழுது சாயும் நேரம், மறுநாள் சமையலுக்குத் தண்ணீர் நிரப்ப வேண்டும் என்றார்கள். குருவையாவே போய் அண்டாவை நிமிர்த்தினான். நிமிர்த்தினவன் குனிந்தபடியே கொஞ்ச நேரம் நின்றான். திரும்பினபோது முகம் வெளுத்திருந்தது. களவு செய்தவன் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். என்ன மச்சான் என்று கேட்டேன். ஒன்றுமில்லை மாப்ள என்றான்.

தண்ணீரை ஊற்றினார்கள். பக்கவாட்டில் இருந்து ஒரு தாரை, விரல் மொத்தத்துக்கு, சர்ரென்று வந்து சமையல்காரர் வேட்டியை நனைத்தது. பார்த்தால் ஓட்டை. உருண்டையாக, சுத்தமாக. நேர் எதிரே உள்ளிருந்து இடித்த மாதிரி ஒரு புடைப்பு வேறு. சொந்தக்காரர்கள் மொத்தப் பேரும் நிற்கிறார்கள். தலைப்பிள்ளைக்குத் தாய்மாமன் ஓட்டை அண்டா கொண்டுவந்தால் அதற்கு என்ன அர்த்தம், தம்பி? இந்தக் குடும்பத்தில் எதுவும் தங்காமல் போகட்டும் என்று அர்த்தம். சிட்டம்மாள் அவனைப் பார்த்துக் கேட்டாள். அவன், தூக்கிவரும்போது எங்கேயாவது இடித்திருக்கும் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். இடித்தால் நசுங்கும், ஓட்டை விழுமா? எனக்கே தெரிகிறது, அவனுக்குத் தெரியாதா?

மறுநாள் காதுகுத்தும்போது பிள்ளையை அவன் மடியில் உட்கார வைக்க மாட்டேன் என்று சிட்டம்மாள் சொல்லிவிட்டாள். மடியை விரித்து மணையில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து போனான். ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன் மடியில் வைத்துத்தான் அன்னக்கொடிக்குக் காது குத்தினோம். அன்றைக்கு நின்றது அண்ணன் தங்கைக்குப் பேச்சு. ஐம்பது வருஷத்துக்கு மேல். அவன் பெண்டாட்டி செத்த வீட்டுக்குப் போய்க்கூட இவள் வாசலில் நின்று அழுதுவிட்டு வந்தாளே தவிர அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் என் பங்குக்கு அடிக்கடி அண்டாவைப் பற்றி எடுத்துச் சொல்வேன். அவள் மறந்துவிடக் கூடாது அல்லவா? அந்த அண்டாவை வெளியே போடவும் நான் விடவில்லை. ஓட்டையைத் துணியால் அடைத்து நெல் கொட்டி வைத்திருக்கிறோம். பார்க்கும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

இப்போது போன மாசத்துக்கு வாருங்கள். அன்னக்கொடியின் பேத்திக்குக் காதுகுத்து. எங்கள் வீட்டுக் களத்தில்தான். அன்னக்கொடி பிடிவாதம் பிடித்தாள். எனக்குத்தான் மாமன் மடி இல்லாமல் போனது, இவளுக்காவது அந்தப் பெரியவர் வந்து நிற்கட்டும் என்று. வந்தான். தாடி நரைத்து, கைத்தடியோடு, ஒரு எவர்சில்வர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு. தூக்கினது அவன் மகன், ஆனால் அவன்தான் கூடவே கையை வைத்துக்கொண்டு வந்தான், ஏதோ பச்சைப்பிள்ளையைக் கூட்டிவருகிற மாதிரி. வந்ததும் முதல் வேலையாக அதில் தண்ணீரை நிரப்பி எல்லாருக்கும் காட்டினான். சிட்டம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பந்தியில் நான் பன்றிப் பேச்சை எடுத்தேன். நானாக எடுக்கவில்லை. கறி பரிமாறினார்கள், அதனால் வந்தது. என் பன்றியையும் எடுத்துக்கொண்டு, ஓட்டை அண்டாவையும் கொடுத்தவர் இதோ உட்கார்ந்திருக்கிறார் என்று நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். என் குண்டு படவில்லை என்பதற்கு ஒரு சாட்சி உண்டா என்று கேட்டேன். ரசம் எங்கே என்று கேட்டான் ஒருவன். சாப்பாட்டில் இருந்தார்கள்.

கை கழுவினதும் குருவையா என்னைக் காப்பிச் செடிகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். மடியை அவிழ்த்து எதையோ எடுத்து என் கையில் வைத்து மூடினான்.

"மாப்ள, இது உங்களுது. அன்னிக்கு அண்டாவுக்குள்ள கெடந்துச்சு. தங்கச்சிக்குத் தெரிய வேணாம்னு வச்சிருந்தேன். எனக்கும் வயசாயிருச்சு. இனிமேயாச்சும் பன்னிப் பேச்ச விட்ருங்க."

கையைத் திறந்து பார்த்தேன். செம்புக் குண்டு. மூக்கு நசுங்கி, நிறம் கறுத்து. ஆனால் அதேதான். டூ செவன்டி. ஐம்பது வருஷமாக என் சாட்சியை மடியில் முடிந்து வைத்திருந்திருக்கிறான்! இந்தக் குண்டு கிடைக்கவில்லை என்றுதானே அன்றைக்கு என் வாயை அடைத்தார்கள்? அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், என் கையைக்கூடப் பிடித்தான். நான் உதறிவிட்டு முன்வாசலுக்கு ஓடினேன். இந்த வயசில் ஓடினேன், தம்பி.

எல்லாரையும் கூப்பிட்டுக் குண்டைத் தூக்கிக் காட்டினேன். இதோ என் குண்டு, இத்தனை காலம் இவன் ஒளித்து வைத்திருந்தான், பாருங்கள் என்றேன். எல்லாரும் பார்த்தார்கள். சிட்டம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள்.

"இது எங்க கெடந்துச்சு?"

உன் அண்ணனையே கேள் என்றேன். அவன் வழக்கம்போலத் தரையைப் பார்த்தான். அவன் அப்படி வாயை மூடிக்கொண்டு நின்றது எனக்குப் பொறுக்கவில்லை. அண்டாவுக்குள்ளே கிடந்ததாம், இவனே சொன்னான் என்று நான்தான் எடுத்துச் சொன்னேன்.

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் புரியவில்லை என்று நினைத்து நானே விளக்கினேன். பாருங்கள், பன்றிக்குள் நுழைந்து, மறுபக்கம் வந்து, பள்ளத்தைத் தாண்டி, நேராக அண்டாவில் போய் விழுந்திருக்கிறது. பெள்ளியப்பா அன்றைக்கே சொன்னார், இது விழாத தோட்டா என்று. நான்தான் நம்பவில்லை.

சிட்டம்மாள் மெதுவாகச் சொன்னாள். "அந்த அண்டாவுக்குப் பக்கத்து மரத்துலதான் தூளி கெட்டியிருந்தேன். புள்ள அதுலதான் தூங்குச்சு."

அன்னக்கொடி சோற்றுக் கரண்டியோடு நின்றிருந்தாள். குனிந்து தன் உடம்பை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். நான் சொன்னேன், தூளியில் படவில்லையே, எவ்வளவு சுத்தமான குறி பாருங்கள் என்று. நல்லதைச் சொன்னால் இந்தக் காலத்தில் யாருக்கு ஏறுகிறது?

சிட்டம்மாள் என்னைத் தாண்டிக்கொண்டு போனாள். நேராக அவனிடம் போய் நின்றாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாண்ணே?"

"சொல்லியிருந்தா நீ இவருகூட இருந்திருப்பியா?" என்றான் அவன்.

கேட்டீர்களா? அந்த நேரத்திலும் என்னை எப்படி உள்ளே இழுத்துவிட்டான் பாருங்கள். அவள் அவன் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அவனும் அழுகிறான். பிறகு குழந்தையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். அது அவன் தாடியைப் பிடித்து இழுத்தது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "பன்னி மாப்ளயோடதுதான். நானே ஒத்துக்கறேன்."

தம்பி, இதற்காகத்தான் இத்தனை காலம் உயிரோடு இருந்தேன். என் பங்காளிகள் எல்லாரும் கேட்டார்கள். எனக்கு உள்ளே எப்படிக் குளிர்ந்தது என்று சொல்ல முடியாது. சிட்டம்மாளைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஆமா, பன்னி உங்களுதுதான். அதுகூடவே இருந்துக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் இரண்டு சேலையை எடுத்துக்கொண்டு அண்ணனோடு வண்டி ஏறிவிட்டாள்.

ஒரு மாசமாக நானே பொங்கித் தின்கிறேன். உப்பு ஒன்று கூடுகிறது, இல்லாவிட்டால் குறைகிறது. வீட்டில் பேசுவதற்கு ஆள் இல்லை. பன்றியை ஜெயித்துவிட்டேன், ஆனால் ஜெயித்த கதையைக் கேட்பதற்கு வீட்டில் ஒரு காது கிடையாது. அன்னக்கொடியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். வேறு ஒன்றும் வேண்டாமாம். நான் அங்கே வந்து அண்ணன் முன்னால் குறி தப்பிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். அந்த நிமிஷமே கிளம்பி வருவாளாம்.

அந்த ஒரு வார்த்தைதான், தம்பி. போன வாரமும் இதே வண்டியில் வந்தேன். ஈச்சங்கொம்பில் வண்டி நின்றது. கடை வாசலில் அவளும் அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள், வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டு. எனக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கடைசி நிறுத்தம் வரைக்கும் போய், டீ குடித்துவிட்டு, அதே வண்டியில் திரும்பிவிட்டேன். அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான். கண்டக்டருக்குத் தெரியும். அதனால்தான் டிக்கெட் கொடுக்கும்போது எங்கே என்று கேட்காமல் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

இன்றைக்கு அப்படி இல்லை. நேற்று சோறு அடிப்பிடித்துப் போனது. அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. அவள் கேட்பதையும் சொல்ல வேண்டும், நானும் பொய் சொல்லக் கூடாது. பன்றி நகர்ந்துவிட்டது என்று சொல்லலாம் அல்லவா? குண்டு சரியாகத்தான் போனது, பன்றிதான் அந்த இடத்தில் இல்லை. இதில் யாருக்கும் குறை இல்லை. நீங்கள் படித்தவர், நீங்களே சொல்லுங்கள், இது ஒத்துக்கொள்கிற மாதிரி இருக்கிறதா இல்லையா?

பதிலை யோசித்து வையுங்கள். வண்டி மெதுவாகிறது. அதோ கடை. அதோ இருக்கிறார்கள் பாருங்கள், பச்சைச் சேலை அவள்தான். மெலிந்த மாதிரி தெரிகிறாள். இல்லை, தூரத்தில் அப்படித் தெரிகிறது. ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் மேலே தூக்குங்கள், தம்பி. இங்கிருந்தே சொல்லிவிடுகிறேன். கிட்டே போனால் வாய் வராது.

"சிட்டு, அன்னிக்குப் பன்னி கொஞ்சம் நகந்துருச்சு."

சொல்லிவிட்டேன். கேட்டாளா? கேட்டுவிட்டாள், எழுந்து வருகிறாள். என்ன சொல்கிறாள்? இஞ்சின் சத்தத்தில் எனக்குக் காதில் விழவில்லை. என்ன?

எவ்வளவு தூரம் நகர்ந்தது என்றா கேட்கிறாள்?

பார்த்தீர்களா, தம்பி. கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அந்தப் பன்றியைப் பற்றி அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்கிறாள். காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள், நான் இறங்க வேண்டும். இதை அவளுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும்.